சார்ஜ் ஏறலையா? வண்டியைத் திட்டாதீங்க, சுவரைப் பாருங்க!

ராத்திரி இ-பைக்கை சார்ஜ் போட்டுட்டுப் படுத்தீங்க. காலையில பார்த்தா அதே 18 சதவிகிதம். பெரம்பலூரோ அரியலூரோ, ஷோரூமுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி அதே சார்ஜரைத் தெரிஞ்சவங்க வீட்டுல செருகிப் பாருங்க. அங்கே ஏறினால், கோளாறு உங்க வீட்டு எர்த்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. கம்பி இருக்கும், மண் காய்ந்திருக்கும். சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூர் பக்கம், அதுவும் கோடையில், கேட்கவே வேண்டாம். எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் தற்காலிகமாகச் சரியாகலாம். புது எர்த் போடுவதுதான் தீர்வு.

சில எலெக்ட்ரீஷியன்கள் செலவைக் குறைக்க, பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். சார்ஜர் ஏமாந்துடும். ஆனால், நியூட்ரல் அறுந்தால் வண்டியின் இரும்பே ஷாக் அடிக்கலாம். 'வேண்டாம்ணா'ன்னு கறாரா சொல்லிடுங்க.

சாயங்காலம் மட்டும் விட்டுவிட்டு ஏறுதா? லோ வோல்டேஜாக இருக்கும். வரவேண்டியது 230 வோல்ட். ரொம்பக் குறைந்தால் மின்னகத்துக்கு (94987 94987) புகார் சொல்லுங்க.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த இ-பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் 13 வயது மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகள் இறுகின. நம்ம வீட்டு வயரிங்கை அந்த விதிகள் தொடாது. அதனால எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். வெளியேற ஒரே வாசல்தான் என்றால், அதை மறித்து வண்டியை நிறுத்தி சார்ஜ் போடவும் வேண்டாம்.