பட்டால் வலிக்காத வாள்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், போடிநாயக்கனூர் தெருக்களில் போர் தொடங்கிவிடும். அப்பா அம்மா விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு குச்சி. வாசலில் இருந்து அப்பத்தா கத்துவார்: "டேய், கம்பக் கீழ போடுடா, கண்ணு போயிரும்!"

அப்பத்தா சொல்வதில் தப்பே இல்லை. குச்சி முனை கண்ணில் பட்டால் பட்டதுதான். ஆனால் குச்சியைப் பிடுங்கினால் சண்டை நிற்குமா? அடுத்த தெருவுக்குப் போகும், அவ்வளவுதான் :-)

இதற்கு வெளிநாட்டில் வேறு வழி கண்டார்கள். 1982-இல் இங்கிலாந்தின் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற விளையாட்டு தொடங்கியது. வேடம் கட்டி, கதாபாத்திரமாகவே மாறி, வாள் சண்டை போடும் ஆட்டம். சுருக்கமாக 'லார்ப்' என்பார்கள். இன்று இந்த ஆட்டங்களில் வரும் வாள் பார்க்க இரும்பு மாதிரி இருக்கும். உள்ளே மெல்லிய ஃபைபர் கம்பி, அதைச் சுற்றி ஃபோம், மேலே ரப்பர் பால் பூச்சு. கம்பி முனை வரை போகாது. அப்படியும் பெரும்பாலான ஆட்டங்களில் குத்தக் கூடாது, தலையில் அடிக்கக் கூடாது என்று விதி உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு வாளையும் அழுத்திப் பார்த்துச் சோதிப்பார்கள்.

இதை விட முக்கியமான விஷயம் ஒன்று. நம் சென்னைப் பெண் பவானி தேவி மூங்கில் குச்சியில் பழகி, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். அந்த வாள்வீச்சில் அடி பட்டதா என்று மின்சார விளக்கு சொல்லும். லார்ப்பில் விளக்கு கிடையாது. அடி வாங்கியவரே "பட்டுருச்சு" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் சொன்னால் ஆட்டமே இல்லை!

"சிலம்பம் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்கலாம். சிலம்பம் ஆசான் முன்னால் கற்கும் கலை. இங்கே பேச்சு, ஆசான் இல்லாத தெருச்சண்டையைப் பற்றி.

சரி, செலவு? வெளிநாட்டு வாளை வரவழைத்தால் நமக்குக் கட்டுபடியாகாது. மலைக்கு அந்தப் பக்கம் தொடுபுழா, கோட்டயத்தில் ரப்பர் பால் உண்டு. ஆனால் வெயிலும் எண்ணெயும் பட்டால் அந்தப் பூச்சு வெடித்துவிடும். போடியின் இலவம் பஞ்சு தலையணைக்குச் சரி, அடி விழ விழ ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மிச்சம் இருப்பது எளிய வழி: லேசான பிளாஸ்டிக் குழாய், மெத்தைக் கடையில் கழித்த ஃபோம் துண்டு, மேலே தையல்காரர் தைத்த துணி உறை. முனையில் மட்டும் ஒரு சாண் ஃபோம் கூடுதலாக இருக்கட்டும்.

அழகாக இருக்காதுதான். ஆனால் சாயங்காலம் ஜீப்பில் இருந்து இறங்கும் அம்மா, பிள்ளையின் இரண்டு கண்ணையும் பத்திரமாகப் பார்ப்பார். கூடவே, யாரும் பார்க்காதபோதும் "பட்டுருச்சு" என்று சொல்லப் பழகிய பிள்ளையையும்.

நம் தெருவில் இப்படி ஒன்று செய்து பார்த்தால் என்ன நண்பர்களே?