கற்றவர் கைப்பிழை

நன்னூலின் புணரியலை ஐயமறக் கற்பிக்கும் ஆய்வாளர் ஒருவரின் ஆய்வேட்டில் ‘தமிழ்க் இலக்கியம்’ என்று அச்சாகிவிடுகிறது. வாய்மொழித் தேர்வில் முதற்கேள்வி அதைப் பற்றியதாகவே எழுகிறது: “இதுகூடத் தெரியாதா?” அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் நேர்ந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மொழியியலாளர் பிட் கார்டர் 1967ஆம் ஆண்டிலேயே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். விதியை அறியாமையால் வரும் பிழை வேறு. களைப்பாலும் நினைவு நழுவுவதாலும் நேரும் தவறு வேறு. முன்னது ஒரே முறையில் திரும்பத் திரும்ப வரும். பின்னதைச் செய்தவரே கண்டு திருத்திக்கொள்வார்.

மேற்கண்ட தவறு பிறந்த விதம் எளியது. முதலில் எழுதப்பட்டது ‘தமிழ்க் காப்பியம்’. பின்னர்ச் சொல் மாறியது. ஒற்று மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஒலியை அடிப்படையாகக் கொண்ட விசைப்பலகையில் ‘பணி’ என்று எழுத முயலும் விரல் ஷிப்ட் விசையைத் தவறவிட்டால் ‘பனி’ விழுகிறது. அதுவும் நல்ல தமிழ்ச் சொல்லே ஆதலால் சொற்பிழை திருத்தி அதைக் கண்டுகொள்வதில்லை.

இலக்கணத் தவறும் இவ்வாறே. ‘இத்தொகுப்பு ஐந்து ஆய்வாளர்களின் பன்னிரண்டு கட்டுரைகளுடன் வெளியிடப்பட்டன’ என்று எழுதுபவர் ஒருமை பன்மை அறியாதவர் அல்லர். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே நிற்கும் பன்மைச் சொற்கள் வினையைத் தம்பால் இழுத்துக்கொள்கின்றன. ஆங்கிலம் பேசுவோரிடமும் இவ்வியல்பு உண்டு என்பதைக் கேத்ரின் பாக், கரோல் மில்லர் ஆகியோர் 1991இல் சோதனைவழிக் காட்டினர். வினையை வாக்கிய இறுதியில் வைக்கும் தமிழில் இவ்விடைவெளி இன்னும் நீள வாய்ப்புண்டு.

பிறர் ஏட்டில் இத்தவறுகளை நொடியில் காணும் கண், தன் ஏட்டில் அவற்றைக் கடந்து செல்கிறது. எழுதியவர் மனத்தில் பொருள் முன்னரே நிறைந்திருக்கிறது; அவர் படிப்பது தாம் எழுத நினைத்ததை, எழுதியதை அன்று.

அச்சகங்கள் மெய்ப்புத் திருத்துநரை வைத்திருந்தது இதனால்தான். இன்றைய ஆய்வாளரோ ஆசிரியர், தட்டச்சர், மெய்ப்புத் திருத்துநர் ஆகிய மூவர் வேலையையும் ஒருவராக, பெரும்பாலும் ஏட்டை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில், செய்கிறார். அவரை எள்ளி நகைப்பதால் அடுத்த ஏடு செம்மையாகிவிடாது. முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்த மாணவர் அந்நகைப்புக்கு அஞ்சி, தெரிந்த சிறு வாக்கியங்களுக்குள் தம் சிந்தனையைச் சுருக்கிக்கொள்வதே அதன் விளைவு.

இதனால் தவறுகள் பொறுக்கத்தக்கவை ஆகிவிடா. படிப்பவருக்குச் செம்மையான ஏடு உரியது. ஏட்டைச் சில நாள் ஆறப்போடுதல், அச்செடுத்து வாய்விட்டுப் படித்தல், உடன் பயில்வோர் ஒருவர் ஏட்டை ஒருவர் திருத்துதல் ஆகியவற்றுக்கு நெறியாளரும் துறையும் கால அட்டவணையிலேயே இடம் ஒதுக்க வேண்டும். பிழையற்ற நூல் ஒருவரின் அறிவால் மட்டும் உருவானதில்லை. அதற்கு எப்போதும் இன்னொருவரின் கண் தேவைப்பட்டிருக்கிறது.