விமானி மட்டும்தானா குற்றவாளி?

சீமான்கள் வாடகைக்கு எடுக்கும் சிறு விமானம் தரையிறங்கும்போது நொறுங்கினால், மறுநாளே முதலாளிப் பத்திரிகைகள் தீர்ப்பு எழுதிவிடுகின்றன: "விமானியின் தவறு!" ஆலையில் பெல்ட்டில் சிக்கிக் கை போனால் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதும் அதே பேனாதான் இதையும் எழுதுகிறது. இந்தத் தீர்ப்பை நாம் ஏற்க முடியாது. ஏன் என்பதை ஒரு விபத்தைக் கொண்டே சொல்கிறோம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் என்ற மலை நகரம் இருக்கிறது. கோடீஸ்வரர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போகும் இடம். 2001 மார்ச் 29 அன்று மாலை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு வாடகை ஜெட் விமானம் அங்கே கிளம்பியது. பிரயாணிகள் 15 பேர், விமானிகள் இருவர், பணிப்பெண் ஒருவர்.

சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த விமானம் ஆஸ்பெனில் இறங்கக் கூடாது என்பது விதி. பிரயாணிகள் வந்ததே தாமதம். விமானம் சுமார் 40 நிமிஷம் பிந்திக் கிளம்பியது. நேரம் தப்பினால் வேறு ஊரில் இறங்க நேரிடும் என்று விமானி முன்பே எச்சரித்தார். வாடகைக்கு எடுத்தவருக்குக் கோபம் வந்தது. விமானம் வேறெங்கும் போகக் கூடாது, விமானி வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்று உதவியாளர் மூலம் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பெனில் இருட்டு, பனிப்பொழிவு, சுற்றிலும் மலை. ஓடுபாதை கண்ணில் படாவிட்டால், குறித்த உயரத்துக்குக் கீழே இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். அவர்கள் ஏறவில்லை. பணத்தின் உத்தரவுக்கு மனிதன் பணியலாம், மலை பணியுமா? ஓடுபாதையை எட்டுமுன்பே விமானம் தரையில் மோதி நொறுங்கியது. 18 பேரும் மாண்டார்கள்.

பாதை தெரியாமல் விமானிகள் கீழே இறங்கியதே காரணம் என்று அமெரிக்க அரசின் விசாரணை வாரியம் 2002-ல் கூறியது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே அறிக்கை வேறு சிலவற்றையும் சொல்கிறது. இரவில் அந்த வழியாக இறங்குவதற்கான தடையை விமானத் துறை தெளிவாக எழுதவில்லை. ஆஸ்பென் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் தெரிவிக்கவில்லை. வாடகைக்கு எடுத்தவர் தந்த நெருக்கடியும் விபத்துக்குத் துணைக் காரணம்! முதலாளிப் பத்திரிகைகளின் தீர்ப்பில் இந்த வரிகளுக்கு இடமில்லை.

தோழர்களே! விமானத்தில் விமானியின் சொல்லே கடைசிச் சொல் என்கிறது சட்டம். ஆனால் "முடியாது" என்றால் நாளைக்கு வேலை இருக்குமா? தொப்பியும் பட்டையும் அணிந்தாலும் அவரும் கூலிக்கு உழைப்பவர்தான். ஓடுகிற மெஷினில் கையை விட்டுப் பஞ்சை எடுக்கச் சொல்லும் மேஸ்திரியின் குரலும், இடி மின்னலில் நடவை முடிக்கச் சொல்லும் பண்ணையாரின் குரலும் நமக்குப் புதிதல்ல. அந்தக் குரல்தான் அன்று விமானியின் காதிலும் விழுந்தது.

ஆபத்து என்று கண்டால் "முடியாது" என்று சொல்லும் உரிமை வேண்டும். அப்படிச் சொன்னவரின் வேலைக்கும் கூலிக்கும் பாதுகாப்பு வேண்டும். அவசரப்படுத்தியவரையும் கூண்டில் நிறுத்த வேண்டும். வானத்திலும் சரி, ஆலையிலும் சரி, வயலிலும் சரி, நமது கோரிக்கை இதுதான்!