பல்லைப் பிடிச்சுப் பாக்காம மாடு வாங்குவீங்களா?

மக்களே, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள குமுறிக்கிட்டிருந்த மேட்டர். இன்னிக்குக் கொட்டிடறேன். டெக்னிக்கல் பதிவுதான், ஆனா தெறிச்சு ஓடிடாதீங்க.

சோதனை பண்ண ஒரு லினக்ஸ் சூழல் வேணும்னா இப்பல்லாம் என்ன பண்றோம்? எவரோ எங்கயோ செஞ்சு வெச்ச இமேஜை இறக்குறோம், ஓட்டுறோம், வேலை முடிஞ்சுது. உள்ள என்ன இருக்கு? தெரியாது. யார் செஞ்சது? தெரியாது. எங்க கொட்டாம்பட்டிப் பக்கம் பல்லைப் பிடிச்சுப் பாக்காம, சுழி பாக்காம மாடு வாங்கமாட்டாங்க. அந்த ஊர்ல பொறந்து, இஞ்சினியரிங் முடிச்ச நாம, முகம் தெரியாத ஆளோட மூட்டையை அவுத்துக்கூடப் பாக்காம நம்ம கணினில ரூட் அதிகாரத்தோட ஓட்டுறோம். கேட்டா 'ஸ்பீடு'ங்கறாங்க. என்னத்த சொல்ல!

சும்மா பூச்சாண்டி காட்டலை. 2018ல டாக்கர் ஹப்ல ஒரே கணக்குல இருந்த 17 இமேஜ்களைப் பத்தி விஷயம் வெளிய வந்துச்சு. உள்ள கிரிப்டோ காசு தோண்டுற நிரலை ஒளிச்சு வெச்சிருந்தாங்க. அம்பலமாகறதுக்குள்ள 50 லட்சம் தடவைக்கு மேல இறக்கியாச்சு. 'அதிகாரப்பூர்வ இமேஜ் மட்டும்தான் நான் தொடுவேன்'னு சொல்ற உத்தமர்களுக்கு: 2019 மே மாசம் தெரிய வந்த ஆல்பைன் கதை. 3.3 பதிப்புல ஆரம்பிச்சு, அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜ்லயே ரூட் கடவுச்சொல் காலியா இருந்துச்சு. வருஷக் கணக்கா யாரும் பல்லைப் பிடிச்சுப் பாக்கலை.

சரி, வேற வழி என்ன? டிபூட்ஸ்ட்ராப். இது பெரிய மந்திரமெல்லாம் இல்லை சாமி, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். திறந்து படிக்கலாம். டெபியனோட பதிப்புப் பேரு, ஒரு காலி அடைவு, ஒரு மிர்ரர் முகவரி இந்த மூணையும் குடுத்தா போதும். முதல்ல வெளியீட்டுக் கோப்பை இறக்கி, அதுல இருக்கற டிஜிட்டல் கையெழுத்தை டெபியன் சாவியை வெச்சு சரி பாக்கும். அந்தக் கோப்புல இருக்கற ஹாஷ் வெச்சு பேக்கேஜ் பட்டியலை சரி பாக்கும். பட்டியலை வெச்சு ஒவ்வொரு பேக்கேஜையும் சரி பாக்கும். அப்புறம் பிரிச்சுப் போட்டு, அந்த அடைவுக்குள்ள சிஎச்ரூட் பண்ணி, ஒவ்வொண்ணா நிறுவும். ஆக, கையெழுத்துல இருந்து கடைசிக் கோப்பு வரைக்கும் ஒரே சங்கிலி.

அப்புறம் நீங்க உள்ள போய் கடவுச்சொல், ஹோஸ்ட்நேம், லோக்கேல் எல்லாம் வெச்சா உங்க சூழல் ரெடி. சிஸ்டம்டி என்ஸ்பான்ல கன்டெய்னரா ஓட்டலாம். முழு மெய்நிகர் எந்திரமே வேணும்னா ஒரு டிஸ்க் கோப்புல போட்டு கெர்னலும் கிரப்பும் சேர்த்துக்கோங்க. குறைஞ்சபட்ச வகைக்கு (மின்பேஸ்) இறக்கறது நூறு எம்பிக்குள்ள முடிஞ்சுடும். மொபைல் ஹாட்ஸ்பாட்ல நாலு வழிச்சாலை ஓரமா உக்காந்து வேலை பாக்கறவனுக்கு இதோட அருமை தெரியும்.

இப்ப வழக்கமா வர்ற எதிர்க்கேள்விகள்:

1. "டெபியன் சர்வரை மட்டும் எப்படி நம்பறது? 2024ல எக்ஸ்இசட் பின்கதவு வரலையா?"
வந்துச்சு. டெபியன் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் வரைக்கும் வந்துச்சு, ஸ்டேபிளைத் தொடலை. தெரிஞ்ச உடனே ரெப்பாசிட்டரில இருந்து தூக்கிட்டாங்க. ஆனா 2025 ஆகஸ்ட்ல பைனார்லி நிறுவனம் தேடிப் பாத்தப்ப, அந்தப் பின்கதவோட கட்டின டெபியன் இமேஜ்கள் டாக்கர் ஹப்ல அப்படியே கிடந்துச்சு. ரெப்பாசிட்டரி ஓடுற ஆறு, இமேஜ் தேங்கின குட்டை. இன்னிக்குப் புதுசா கட்டினா இன்னிக்குத் தண்ணி வரும்.

2. "ஆயிரம் சர்வர் வெச்சிருக்கோம், ஒவ்வொண்ணையும் கையால கட்டவா?"
அட, கட்ட வேண்டாம் அண்ணாச்சி. ஒருதடவை கட்டற படிகளை ஸ்கிரிப்டா எழுதுங்க. அதுல இருந்து உங்க இமேஜை நீங்களே செஞ்சு ஆயிரம் இடத்துல போடுங்க. இமேஜ் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்லை, எப்படி வந்துச்சுன்னு தெரியாத இமேஜ் மேலதான்.

3. "பசங்களுக்கு இதெல்லாம் கஷ்டம்."
இங்கதான் எனக்குச் சுர்ருனு ஏறுது. நான் படிச்ச கல்லூரில (பேரு வேணாம்) லினக்ஸ் லேப்னா பென்டிரைவ்ல ஒரு பெரிய விர்ச்சுவல்பாக்ஸ் கோப்பு வரும், நகல் எடுத்து, ஓட்டி, ரெக்கார்டு நோட்டுல படம் வரையணும். நாலு வருஷத்துல ஒருத்தன்கூட ஒரு ரூட் கோப்பு முறைமையைக் கையால கட்டலை. அப்புறம் இன்டர்வியூல 'கன்டெய்னருக்கும் மெய்நிகர் எந்திரத்துக்கும் என்ன வித்தியாசம்'னு கேட்டா பேந்தப் பேந்த முழிச்சோம். கெர்னலைப் பகிர்ந்துக்கறதுன்னா என்னங்கறது சிஎச்ரூட் உள்ள போய் பத்து நிமிஷம் நோண்டினா புரியற விஷயம். சிஎச்ரூட் வந்தது 1979ல, ஏழாம் பதிப்பு யுனிக்ஸ்ல! பாடப்புத்தகத்துக்கு இன்னும் நேரம் வரலை போல.

லேப்ல இணையம் பத்தாதுன்னு சொல்லாதீங்க. ஒரு கணினில ஆப்ட் கேச்சர் போட்டா, முதல் பையன் இறக்கினதையே மத்த அறுபது பேருக்கும் குடுக்கும். ஆனா ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால அறுபது பேரு நேரா டாக்கர் ஹப் போங்க பாப்போம். பேரு குடுக்காம இழுக்கறவங்களுக்கு ஐபிக்கு ஆறு மணி நேரத்துல 100 தடவைன்னு 2020 நவம்பர்ல வரம்பு போட்டாங்க. அன்னிக்கு உலகமே அலறுச்சு. அடுத்தவன் களஞ்சியத்துல நெல்லு வெச்சவன் அவன் கதவைப் பூட்டினா அழறதுல என்ன நியாயம்?

இன்னொண்ணு. சென்னை சி-டாக்ல செஞ்ச பாஸ் லினக்ஸ் 2007ல வந்துச்சு, டெபியன் மேல கட்டினது. 2011ல தொடங்கின விலையில்லா மடிக்கணினியில அதுவும் சேர்ந்து வந்துச்சு. நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஒரு முழு இயங்குதளத்தையே கட்டத் தெரியும்ங்கறதுக்கு அதுவே சாட்சி. என் வகுப்புல பாதிப் பேரு அந்தப் பக்கமே எட்டிப் பாக்கலை. பாத்தவங்களுக்கும் அது வானத்துல இருந்து குதிச்ச பெட்டி. இதை எப்படிச் செஞ்சாங்கன்னு கேக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரலை. கட்டறவன் ஒரு சாதி, ஓட்டறவன் ஒரு சாதின்னு ஆனது அப்படித்தான். நாம ஓட்டற பக்கமே நின்னுட்டோம்.

இந்த சனி ஞாயிறுல ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஒரே ஒரு தடவை காலி அடைவுல இருந்து கட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் எந்த இமேஜை வேணா இறக்கிக்கோங்க, நான் கேக்கவே மாட்டேன். ஏன்னா அப்ப உங்களுக்கே பல்லைப் பிடிச்சுப் பாக்கத் தெரிஞ்சிருக்கும்.

டிஸ்கி: சிஎச்ரூட் பாதுகாப்பு வேலி இல்லை, உள்ள ரூட்டா இருக்கறவன் தாண்டி வந்துடுவான். அதை நம்பி ஆபத்தான நிரலை ஓட்டிட்டு என்னைத் திட்டாதீங்க. மத்தபடி திட்டறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க, ஹி ஹி.