சொந்தப் பிள்ளையும் சுவீகாரப் பிள்ளையும்

"எமக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. ஊரிலே எத்தனையோ பிள்ளைகள் தாய் தந்தையின்றித் தவிக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து இந்தப் பிள்ளையோடு சேர்த்து வளர்த்தால் என்ன?" சிட்னியிலும் மெல்பேணிலும் வாழும் எம்மவர் இல்லங்களில் இத்தகைய பேச்சு எழுவதுண்டு. போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட ஒரு சமூகத்தில் இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பு, அது போற்றத்தக்கதும்கூட. எனினும், சொந்தப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இன்னொரு பிள்ளை வருவது, பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வருவதைப் போன்றதன்று. அதற்கெனத் தனியான கடமைகள் உண்டு. அவற்றை ஏற்கத் துணிந்தவர்களே இம்முயற்சியில் இறங்கவேண்டும்.

சுவீகாரம் பிள்ளையில்லாதவர்களுக்கே உரியது என்பது எமது பழைய எண்ணம். குலம் தழைக்கவேண்டும், கொள்ளி வைக்க ஒருவன் வேண்டும் என்பதற்காகவே தத்தெடுத்தார்கள். இந்தியாவில் 1956ஆம் ஆண்டு நிறைவேறிய இந்துக்களுக்கான சுவீகாரச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது. மகன் உள்ளவர் இன்னொரு மகனையோ, மகள் உள்ளவர் இன்னொரு மகளையோ அச்சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்க முடியாது.

யாழ்ப்பாணத்தவரின் தேசவழமை ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டு, எழுத்தில் வடிக்கப்பட்டது. அதுவும் பிள்ளையில்லாத தம்பதியரை மனத்திற்கொண்டே சுவீகாரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும் அதிலுள்ள இரு விதிகள் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. தத்தெடுக்க விரும்புவோர் தம் சகோதரரிடம், அவர்கள் இல்லாதவிடத்துத் தமக்கு உரித்தாளராகக்கூடிய நெருங்கிய உறவினரிடம், சம்மதம் கேட்கவேண்டும் என்பது முதலாவது விதி. அதன் பின்னரே சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்தும் சடங்கு நடைபெறும். தத்தெடுத்தவர்களுக்குப் பின்னர் சொந்தப் பிள்ளை பிறந்தால், இரு பிள்ளைகளும் சொத்தில் சரிபங்கு பெறுவர் என்பது இரண்டாவது விதி. யாருடைய உரிமை பாதிக்கப்படுமோ அவரை முதலிற் கேட்கவேண்டும். வந்த பிள்ளைக்கும் சமபங்கு கொடுக்கவேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எம் மூதாதையர் ஏற்றுக்கொண்ட நியதி இது.

இன்று எமது வீடுகளில் முதலிற் கேட்கப்படவேண்டியவர் அங்கே ஏற்கெனவே வளரும் பிள்ளையே. ஏழு வயதுப் பிள்ளையிடம் என்ன சம்மதம் கேட்பது என்று சிலர் நகைக்கலாம். ஆனால் தன் அறையையும், விளையாட்டுப் பொருள்களையும், தாயின் மடியையும் பகிர்ந்துகொள்ளப் போவது அந்தப் பிள்ளைதான். தத்தெடுக்க விண்ணப்பிப்போரின் வீட்டுக்கு மதிப்பீட்டுக்காக வரும் இந்நாட்டு அலுவலர்கள், அங்குள்ள பிள்ளையோடும் பேசுவது இதனாலேயே. "உனக்கு விளையாட ஒரு தம்பியைக் கொண்டுவருகிறோம்" என்று ஆசை காட்டுவது சம்மதம் பெறுவதாகாது. வரப்போகும் பிள்ளை அழும், கோபிக்கும், பல மாதங்கள் எவரையும் நம்பாதிருக்கும் என்பதையும் சொல்லித்தான் கேட்கவேண்டும்.

பழைய வழக்கம் ஒரு விடயத்தில் மட்டும் எமக்குப் போதாது. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை பெற்றோரின் உரித்திலிருந்து விலகிவிடும் என்றது தேசவழமை. அவ்வாறு வேரறுப்பதால் விளையும் துன்பத்தை இந்த அவுஸ்திரேலியாவே எமக்குக் கற்பித்திருக்கிறது. 1971-72ஆம் ஆண்டில் இந்நாட்டில் 9,798 சுவீகாரங்கள் நடந்தன. திருமணமாகாத தாய்மார் பலரிடமிருந்து குழந்தைகள் வற்புறுத்தியும் ஏமாற்றியும் பெறப்பட்ட காலம் அது. 1973இல் தனித்து வாழும் தாய்மாருக்கு அரச உதவிப்பணம் கிடைக்கத் தொடங்கியது. சமூகத்தின் மனப்பாங்கும் மாறியது. அண்மைய ஆண்டுகளில் நாடு முழுவதிலும் ஆண்டொன்றுக்குச் சுமார் 200 சுவீகாரங்களே இடம்பெறுகின்றன. தம் வேரைத் தேடும் உரிமையை விக்டோரியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டமும், நியூ சவுத் வேல்ஸில் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வளர்ந்த சுவீகாரப் பிள்ளைகளுக்கு வழங்கின. பூர்வீகக் குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2008இல் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கோரினார். கட்டாய சுவீகாரங்களுக்காக 2013இல் பிரதமர் ஜூலியா கில்லார்ட் மன்னிப்புக் கோரினார்.

இலங்கையின் அனுபவமும் கசப்பானதே. 1980களில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டனர். அவற்றுள் பல பொய்ப் பத்திரங்களோடு சென்றன. குழந்தைகளை விற்பதற்கென்றே இல்லங்கள் நடத்தப்பட்டன என்பதை அப்போதைய சுகாதார அமைச்சர் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். பிற நாடுகளிலிருந்து தத்தெடுப்பதை நெதர்லாந்து 2021இல் இடைநிறுத்தியது. இன்று நடுவயதை எட்டிய அப்பிள்ளைகள் பலர் இலங்கைக்குச் சென்று தம் தாய்மாரைத் தேடுகின்றனர்.

அநாதை என்று எமது கண்ணுக்குத் தோன்றும் பிள்ளை உண்மையில் அநாதையாக இல்லாதிருக்கலாம். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தோடு பதியப்பட்ட பச்சிளங் குழந்தையை உலகமே அறிந்தது. மரபணுச் சோதனையின் பின்னர், 2005 பெப்ரவரியில்தான் அது பெற்றோரின் கையிற் சேர்ந்தது. அதற்குள் இரக்கமுள்ள யாரோ அதனைக் கடல் கடந்து கொண்டுசென்றிருந்தால் அந்தத் தாயின் கதி என்ன? காணாமற்போன தம் பிள்ளைகளைக் கேட்டு 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே, ஊரில் உள்ள ஒரு பிள்ளைக்கு உதவ விரும்புவோர் முதலில் அப்பிள்ளையின் உறவுகளைத் தேடவேண்டும். பேத்தியாரோ மாமியோ இருந்தால், அவர்களுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பி, பிள்ளை தன் மண்ணிலேயே வளர வழிசெய்வது பல வேளைகளில் சுவீகாரத்திலும் மேலானது. பெற்றோரை இழந்த நெருங்கிய உறவுப் பிள்ளையை இங்கே அழைப்பதற்கு அநாதை உறவினருக்கான விசா உண்டு. அதன் வரிசை நீண்டது. அழைப்பவருக்கு நிரந்தர வதிவுரிமையும் வேண்டும். அகதிக் கோரிக்கை தீராது காத்திருப்போருக்கு அக்கதவு இப்போது திறவாது. இங்கிருந்தபடியே ஊரில் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தால், நீதிமன்றக் கட்டளை கையிலிருப்பினும் விசா தானாகக் கிடைத்துவிடாது. இதனை அறியாது பணத்தையும் பிள்ளையின் நம்பிக்கையையும் ஒருங்கே இழந்துவிடக் கூடாது. இந்நாட்டிலேயே பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகளும் பலர். அவர்களை வளர்ப்புப் பெற்றோராக ஏற்கும் வழியை எம்மவரிற் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

வேரை அறுக்காது வளர்ப்பது எமக்குப் புதிதன்று. சுந்தரமூர்த்தி நாயனாரைத் திருநாவலூரில் தம் பிள்ளையாக வளர்த்தவர் நரசிங்கமுனையரையர். அரச மாளிகையில் வளர்ந்தபோதும் அவர் தம் குல ஒழுக்கத்தை விடவில்லை. மணப்பருவம் வந்தபோது பெண் பேசியவர் பெற்ற தந்தையாகிய சடையனாரே என்கிறது பெரியபுராணம். பெற்றவரும் வளர்த்தவரும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமா?

வீட்டுக்குள் எல்லாம் சரியாக அமைந்தாலும், வெளியே எமது சமூகம் இருக்கிறது. கோயிலிலும் கொண்டாட்டத்திலும், "இதில் எது உங்களுடைய சொந்தப் பிள்ளை?" என்று பிள்ளைகளின் முன்னிலையிலேயே கேட்பவர்கள் எம்மிடையே உள்ளனர். "எந்த ஊர், எந்தப் பகுதி?" என்று சாதியைத் துருவுவோரும் உள்ளனர். அக்கேள்வி இரு பிள்ளைகளையுமே காயப்படுத்தும். இரண்டும் எம் பிள்ளைகள் என்று தயங்காது சொல்லவும், அதனை மரணசாசனத்திலும் எழுதிவைக்கவும் துணிவு உள்ளவர்கள் மட்டுமே தத்தெடுக்கட்டும். அத்துணிவு இல்லாதவர்கள் தூரத்திலிருந்தே உதவட்டும். அதில் குறைவு எதுவும் இல்லை. ஒருமுறை பெற்றோரை இழந்த பிள்ளை, எமது வீட்டில் இரண்டாந்தரப் பிள்ளையாக வாழ்ந்து மீண்டும் ஒருமுறை அநாதையாகக் கூடாது.