அடி தாங்கும் வன்மையும் அதன் விலையும்

வீரர் புகழ் பேசுங்கால் நம்மவர் பெரும்பாலும் இருவகைச் சிறப்பையே எடுத்தோதுவர். ஒன்று, பிறரை வீழ்த்திய வன்மை. மற்றொன்று, பிறர் அடியைத் தாங்கிய வன்மை. முன்னதை எத்தனை போட்டி, எத்தனை வெற்றி என்று எண்ணிக் கூறிவிடலாம். பின்னதை அளப்பதோ எளிதன்று. கோதாவினின்று விலகி ஓய்வு பெற்றுவிட்ட கனஎடைக் குத்துச்சண்டை வீரர் ஒருவர், தம் காலத்தில் எத்துணை அடி தாங்கவல்லவராயிருந்தார் என்று தீர்மானிப்பது எங்ஙனம்? ஆர்.எஸ்.புரத்துத் தேகப்பயிற்சிக் கூடங்களிலும் மாணவர் விடுதிகளிலும் இவ்வினா எழுமாயின், “அவர் எத்தனை முறை கீழே விழுந்தார்?” என்னும் கேள்வியோடு வாதம் முடிந்துவிடுகின்றது. அவ்வளவுகோல் போதாது என்பதும், இளைஞர்க்குத் தீங்கும் விளைக்கவல்லது என்பதும் எம் கருத்து.

எடுத்துக்காட்டாக முகம்மது அலியைக் கொள்வோம். அவர் தமிழ்நாட்டார்க்கு முற்றும் அயலார் அல்லர். 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸ் என்பாருடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். சார்பட்டா, இடியப்பன் என்னும் பரம்பரைகளின் பெயரால் ஆங்கிலக் குத்துச்சண்டையை நெடுங்காலம் போற்றிவந்த நகரம் அது. அப்பொழுது அலி, தாம் ஓய்வு பெற்றுவிட்டதாக அறிவித்திருந்தவர். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

முதலில் விழுந்த கணக்கைப் பார்ப்போம். அலி ஆடிய தொழில்முறைப் போட்டிகள் 61, வெற்றி 56, தோல்வி 5. அவரைக் கீழே வீழ்த்தியோர் மிகச் சிலரே. 1962-இல் சானி பேங்க்ஸ், 1963-இல் இலண்டனில் ஹென்றி கூப்பர், 1971-இல் ஜோ பிரேசியர் ஆகியோர் அவரைத் தரையில் சாய்த்தனர். 1975-இல் சக் வெப்னரிடம் விழுந்தது குத்தினாலன்று, கால் மிதிபட்டதனால் என்பது அலியின் வாதம். இனிக் கனடா நாட்டு ஜார்ஜ் சுவாலோவை நோக்குக. அவர் 93 போட்டிகளில் ஒருமுறையேனும் தரையில் விழுந்தாரல்லர். 1966-இல் அலியோடு 15 சுற்றுகள் நின்றார். விழாமையே அளவாயின், சுவாலோவே முதல்வர் என்று வாதத்தை முடித்துவிடலாம். ஆயின், பிரேசியரும் ஜார்ஜ் போர்மனும் அவரை அடித்த காலத்து, அவர் நின்றுகொண்டிருக்கும்போதே போட்டிகள் நிறுத்தப்பட்டன. கால் நின்றது, காக்கும் திறன் நிற்கவில்லை. ஆகவே, விழாமை வேறு, தாங்குதல் வேறு என்பது போதரும்.

தாங்குதலாவது யாது? அடிபட்ட பின்னும் அறிவு கலங்காது, அடுத்த அடியைத் தவிர்த்து, தன் செயலைத் தொடர்தலே யாம். பேங்க்ஸிடம் விழுந்த அலி நான்காம் சுற்றிலும், கூப்பரிடம் விழுந்த அலி அடுத்த சுற்றிலும் வென்றார். பிரேசியரின் இடக்கைக் குத்து விழுந்தது 15-ஆம் சுற்றில். களைப்பின் எல்லையிலும் சில நொடிகளில் எழுந்து இறுதிவரை ஆடினார். 1973-இல் கென் நார்ட்டனோடு ஆடியபோது தாடையெலும்பு முறிந்தது; அப்போட்டியையும் 12 சுற்றுகள் முடியும்வரை ஆடியே தோற்றார்.

அடித்தவர் யார் என்பதையும் நோக்கல் வேண்டும். பிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறுமுறை சாய்த்தவர் போர்மன். அவர் குத்துகளை 1974-இல் கின்ஷாசா நகரில் அலி கயிற்றில் சாய்ந்தவாறு ஏற்றார். அது வெறும் உடல்வலியன்று. தலையைப் பின்னிழுத்து, கைகளால் முகத்தை மறைத்து, குத்தின் வேகத்தைக் கயிற்றுக்குப் பகிர்ந்து கொடுத்தார். காணப்பெற்ற குத்துக்குக் கழுத்து தன்னை இறுக்கிக்கொள்ளும். காணாத குத்தே தலையைச் சட்டெனத் திருப்பி, மண்டையோட்டினுள் மூளையைக் குலுக்கி, மனிதனைச் சாய்க்கும். அலியின் கண் கூர்மையானது. போர்மன் களைத்தார், எட்டாம் சுற்றில் வீழ்ந்தார்.

இவற்றால், தாங்கும் வன்மையில் அலி கனஎடை வீரருள் முதல் வரிசையினர் என்பது எம் தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு இத்துடன் முற்றுப்பெறுமாயின் அது பாதித் தீர்ப்பேயாகும்.

இளமையில் அலியை அடித்தல் அரிதாயிருந்தது. அவர் கால்களே அவர்க்குக் கேடயம். வியத்நாம் போருக்குப் படைசேர மறுத்தமையால் 1967 முதல் 1970 வரை கோதாவிற்கு வெளியே நின்றார். மீண்டு வந்தபோது கால்கள் முன்போல் விரையவில்லை. அவர் எவ்வளவு தாங்கவல்லவர் என்பதை உலகம் நன்கறிந்தது அதன் பின்னரே. விரைவென்னும் கைப்பணம் குறைந்தபின், தாங்குதலென்னும் முதலை எடுத்துச் செலவிட்டார் என்க. 1975-இல் மணிலாவில் பிரேசியரோடு 14 சுற்று. 1977-இல் பெருங்குத்துக்குப் பேர்போன எர்னி ஷேவர்ஸோடு 15 சுற்று. “இனிப் போதும்” என்று அறிவுறுத்திய மருத்துவர் பெர்டி பச்சேகோ, தம் சொல் ஏறாமையால் அவரைவிட்டு விலகினார்.

சென்னையில் காட்சிப் போட்டி ஆடிய அதே 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஓய்வைக் கைவிட்டு லாரி ஹோம்ஸை எதிர்த்தார். வயது 38. பத்துச் சுற்றுகள் அடிபட்டும் விழவில்லை. பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். 1981-இல் மற்றுமொரு தோல்வி. 1984-இல் நடுக்குவாத நோய் கண்டறியப்பட்டது. 2016-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், 74-ஆம் வயதில் மறைந்தார். அந்நோய்க்குக் குத்துகள் எவ்வளவு காரணம் என்பதில் மருத்துவர் கருத்து வேறுபடும். ஆயின் தலையில் தொடர்ந்து விழும் அடி மூளைக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும் என்பர் நம் முன்னோர்.

நம் கொங்கு நாட்டு உழவன், பாரம் இழுக்கும் காங்கேயம் காளையை மெச்சுவான். ஆனால் நல்ல உழவன், அக்காளை படுக்குமட்டும் காத்திரான். நுகம் அவிழ்க்கும் வேளையை அவனே அறிவான். மணிலாவில் 15-ஆம் சுற்றுக்கு எழ முயன்ற பிரேசியரை அமர்த்திவிட்ட எட்டி பட்ச் அத்தகையவர். அவரைக் கோழையென்பார் உண்டோ?

மாணவ நண்பர்களே! பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில் குத்துச்சண்டையையும் உவமையாக எடுத்தாண்டார். அந்நிருபத்திலேயே நம் சரீரத்தை ஆலயமென்றும் உரைத்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தல் நலம். பயிற்சியில் தலையில் அடிபட்டுக் கண் மங்கினால், அன்றைய ஆட்டத்தை அப்பொழுதே நிறுத்துக, மருத்துவரைக் காண்க. “நான் தாங்குவேன்” என்று கூறும் தோழனைக் கைதட்டி ஊக்காது, கைப்பிடித்து வெளியே அழைத்து வருக. அலியின் தாங்கும் வன்மையைப் போற்றுவோம். அதனினும், தாங்கவல்லவனைத் தடுத்து நிறுத்தும் அன்பைப் போற்றுவோமாக.