விரைவும் சுவையும்

விரைந்து சமைத்த உணவிற் சுவையில்லை என்னும் எண்ணம் நம்மிற் பலர்பால் வேரூன்றி நிற்கின்றது. சென்ற விடுமுறையில் வீட்டிற் குக்கரில் ஆக்கிய சாம்பாரை உண்ட யாமும், “பாட்டி கைச் சாம்பார்போல் ஆகுமோ?” என்று கூறிவிட்டோம். அன்னையார் மறுமொழி கூறாது அகன்றார். காலை ஆறு மணிக்கு அடுப்படி புகுந்து, எட்டு மணிக்கு வேலைக்குப் புறப்படும் ஒருவரிடம் அச்சொல் தகாதென்று பின்னரே உணர்ந்தோம். ஆதலின், குக்கர்மேற் சாற்றப்படும் இக்குற்றம் மெய்யோவென ஈண்டு ஆராய்வாம்.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. பிரெஞ்சு நாட்டினராகிய டெனிஸ் பாப்பின் என்பார் 1679ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இதன் முன்னோடியை இயற்றினார். 1682இல் ராயல் சொசைட்டி அறிஞர்க்கு அதிற் சமைத்து விருந்திட்டார். கடிய எலும்பும் அதிற் குழைந்ததென விருந்துண்ட ஜான் எவலின் தம் நாட்குறிப்பில் வரைந்துள்ளார்.

திறந்த கலத்து நீர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியசிற் கொதிக்கும். எத்துணை எரிப்பினும் அதன்மேற் சூடேறாது. மூடிய குக்கரிலோ ஆவி அடைபட்டு அழுத்தம் மிகுதலால், வெப்பம் 120 டிகிரி அளவும் உயர்கின்றது. பருப்பு விரைந்து வேகும் மருமம் இதுவே. இதிற் சுவையைக் கெடுப்பது யாது?

கெடுப்பது, யாவற்றையும் ஒருங்கே கொட்டி மூடிவிடும் நம் சோம்பலே. வெங்காயம் சிவத்தல் நீருள் நிகழாது. ஆதலின் மூடுமுன்னரே வதக்குதல் வேண்டும். புளிப்பு, பருப்பு மென்மையுறுதலைத் தாமதப்படுத்தும். ஆதலின் புளிக்கரைசலைப் பருப்பு வெந்தபின் சேர்க்க. கொத்தமல்லித் தழை இறக்கியபின் இடத்தக்கது. விசில்களை எண்ணிக்கொண்டிருத்தலும் நன்றன்று. ஒவ்வொரு விசிலோடும் மணமும் ஆவியாய் வெளியேறும். முதல் விசில் எழுந்ததும் தீயைத் தணித்தால், மணமும் தங்கும், எரிபொருளும் மிஞ்சும். பின்னர் ஆவி அடங்கும்வரை பொறுத்தே மூடியைத் திறத்தல் வேண்டும்.

மட்சட்டியில் நெடுநேரம் சுண்டவைத்த மீன்குழம்பின் சுவை வேறென்பதை யாம் மறுக்கவில்லை. ஆவி வெளியேறினாலன்றிக் குழம்பு சுண்டாது. அது குக்கரின் தொழிலன்று. ஆயினும், அச்சுவையை நாடோறும் வேண்டுவோர் அதன் விலையையும் எண்ணல் வேண்டும். அவ்விலையைக் கொடுப்பவர், இலைமுன் அமர்ந்து குறைகூறும் நாமல்லேம். அடுப்பின்முன் நிற்கும் அன்னையரும் தமக்கையருமே.

ஆகவே, நண்பர்காள், சுவை குறைந்ததென்பார் எழுந்து சென்று வெங்காயம் வதக்கட்டும். குக்கர் ஈட்டித்தரும் அரைமணிப் பொழுதும் வேறொரு வேலையிற் கரைந்துபோகாமல், சமைத்தவர்க்கே ஓய்வாகுக என்பது எமது துணிபு.

அவ்விடுமுறையின் எஞ்சிய நாட்களில் வெங்காயம் உரிக்கும் பணி எமக்கே வாய்த்தது. சாம்பாரைப் பற்றிப் பின்னர் யாம் வாய்திறந்தோமில்லை.